இருக்கட்டும், பாக்கலாம்!

மூன்று வருடம் ஆகப்போகிறது. கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் அமுச்சி வீட்டில், மாட்டுச் சாளையை ஒட்டி ஒரு வண்டி நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வது சும்மா ஒரு மரியாதைக்குத்தான். ஸ்டாண்டு துருப்பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கிறது. கால் வைக்கும் இடத்தில் போன வருடம் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. அந்த வண்டியால் கடந்த மூன்று வருடத்தில் விளைந்த ஒரே பயன் அதுதான் :-)

1997-ல் அப்புச்சி வாங்கிய பஜாஜ் சேத்தக். டிஎன் 37-ல் ஆரம்பிக்கும் நம்பர். அப்புச்சி பால் கேனை முன்னால் நிறுத்தி, பின்னால் அமுச்சியை உட்கார வைத்து, நடுவில் என்னையும் சொருகி ஓட்டிப்போன வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, நிமிர்த்தி, ஒரு உதை. பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நாள் வரைக்கும் வண்டிக்கும் காது குத்துகிற மாதிரி ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இறங்குவதற்கான வழி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புச்சி 2023 ஆடியில் போய்ச் சேர்ந்தார். அதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. அவரால் உதைக்க முடியவில்லை, வேறு யாரும் உதைக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது மாமாதான் பேச்சை எடுத்தார். "ஏங்கண்ணு, இத எடைக்குப் போட்டரலாமா? எடத்த அடச்சுட்டு நிக்குது. நாலாயிரம் தர்றேங்கறான் ஒருத்தன்." கேட்டது என்னிடம், காரணம் நான் பி.காம். படிக்கிறேன், எனக்குக் கணக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "இருக்கட்டுங்ணா, பாக்கலாம்."

இந்தப் பதிவு அந்த இரண்டு வார்த்தைகளுக்கு எதிரானது.

நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு "இருக்கட்டும், பாக்கலாம்" உண்டு. அட்டாலியில் ஒரு ரேடியோ, கிணற்று மேட்டில் ஒரு மோட்டார், வேப்ப மரத்தடியில் ஒரு டிவிஎஸ் 50. விற்கவும் மனசு வராது, சரிசெய்யவும் காசு எடுக்க மனசு வராது. நடுவில் நின்றுகொள்வது பத்திரமானது என்று நினைக்கிறோம். ஒரு வண்டியைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. ஓடுகிற வண்டி தேயும், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிற்கிற வண்டி எந்தக் கணக்கும் இல்லாமல் சாகும்.

எப்படி என்று ஒரு மெக்கானிக் எனக்குப் பாடம் எடுத்தார். (அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.) கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போனபின் பிசின் மாதிரி ஒன்று மிஞ்சும். அது ஜெட்டில் இருக்கிற மயிரிழை ஓட்டையை அடைத்துக்கொள்ளும். டேங்க்கில் பாதி காலியாக இருக்கும் இடத்தில் ஈரக்காற்று புகுந்து உள்பக்கம் துரு பிடிக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. 1997 வண்டியின் ரப்பர் ட்யூப், வாஷர் எல்லாம் அந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. அப்புறம் இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வழுக்கல் கொடுக்கிறது. ஓடாமல் நின்றால் அந்தப் படலம் வடிந்துவிடும், இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். ஒரே இடத்தில் நின்ற டயர் அந்த இடத்தில் சப்பையாகி, விரிசல் விடும். போதாததற்கு எலி. எலிக்கு வயர் மேல் அப்படி என்னதான் ஆசையோ!

ஆக "பாக்கலாம்" என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நாங்கள் பணத்தைச் சேமிக்கவில்லை. ரிப்பேர் பில்லை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். விற்பதா, சரிசெய்வதா?

நான் முதலில் என் பாடப்புத்தகப்படிதான் யோசித்தேன். நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் எடைக்குப் போட்டால் வரும் நாலாயிரம். அந்தப் பக்கம் ரிப்பேர் செலவு. எங்கள் வீடு சிங்காநல்லூரில். பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சர்வீஸ் கடையில் போட்டோவைக் காட்டினேன். அந்தப் பையன் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "இதையெல்லாம் இப்ப யாருங்க அக்கா ஓட்டறாங்க?" என்றான். அவ்வளவுதான் எஸ்டிமேட்.

அடுத்து ஒரு தெரிந்தவர் சொல்லி, தகரக் கொட்டகைக்குள் முப்பது வருடமாக ஸ்கூட்டர் மட்டுமே பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். (நாலாயிரத்துக்கு விற்கச் சொன்னவர் ஆயிரத்து இருநூறு வாடகை கொடுத்துக் கொண்டுவந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) பெரியவர் கிக்கரை ஒருமுறை காலால் அமுக்கிப் பார்த்தார், அசையவில்லை. "பிஸ்டன் புடிச்சிருச்சு அம்மிணி" என்றார். பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் ஊற்றி இரண்டு நாள் விட்டார். மூன்றாம் நாள் போனில் கணக்குச் சொன்னார். சிலிண்டரை போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் பேரிங், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம், இரண்டு டயர், பாயிண்ட், கண்டன்சர், வயரிங் கொஞ்சம், சைலன்சரை நெருப்பில் போட்டுக் கரி எடுப்பது, அடித்தகட்டில் துருப்பிடித்த இடத்துக்கு டிங்கரிங். பதினான்காயிரத்து ஐநூறு.

"இதே ஓடற கண்டிசன்ல இருந்தா என்ன வெல போகுங்க?" என்று கேட்டேன்.

"ஆசப்பட்டவன் வந்தா பதினஞ்சு, இல்லாட்டி எட்டு."

கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடினேன். பதினான்கரை போட்டு எட்டுக்கோ பதினைந்துக்கோ விற்கக்கூடிய பொருளில் யார் பணம் போடுவார்கள்? எடைக்குப் போடுவதுதான் சரி என்று அம்மாவிடம் சொல்லவும் தயாராகிவிட்டேன்.

எங்கே தப்பு செய்தேன் என்றால், வண்டியின் விலையை வண்டிக்குள் தேடினேன்.

இதைப் புரிந்துகொள்ள நம் அப்பா தாத்தா காலத்துக்குப் போகவேண்டும். 1970, 80களில் சேத்தக் வாங்க புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கம் லைசன்ஸ் கொடுத்த காலம். அப்போது கடையில் இருந்த புது வண்டியின் விலையைவிட, யாரோ ஓட்டிய பழைய வண்டி அதிக விலைக்குப் போனது. பழசு புதுசைவிட உசத்தியா? இல்லை, பழசு இன்றைக்குக் கிடைத்தது. இலங்கையில் இதே கதை நம் காலத்திலேயே நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பிப்ரவரியில். நடுவில் அங்கே பழைய கார்கள் விலை எங்கோ போனது. அதற்கும் முன்னால், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போகத் தடை இருந்தபோது, ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் செய்ய மட்டும் கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல். அந்தக் காரை அன்றைக்கு ஒருவர் விலை பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போக அது ஒன்றுதான் இருந்தது.

ஆகவே சந்தை விலை என்பது, உங்கள் வண்டி உங்களைத் தவிர மற்றவர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் எண். நீங்கள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்த எண்ணுக்கு உங்களிடம் வேலையே இல்லை. நீங்கள் பார்க்கவேண்டியது, இதைச் சரிசெய்யாவிட்டால் வேறு எதற்குச் செலவு செய்வோம் என்பதை. புது ஸ்கூட்டர் இன்றைக்கு எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தொடுகிறது. பதினான்கரை எங்கே, லட்சம் எங்கே.

இன்னொரு விஷயம் நம்ம ஊருக்கே உரியது. கோயம்புத்தூரில் ரிப்பேர் என்பது ஒரு தொழில் மட்டும் இல்லை, ஊர் வளர்ந்த விதமே அதுதான். மில்லுக்கு உதிரி பாகம் வேண்டும், கிணற்றுக்கு பம்ப் வேண்டும் என்று பட்டறைகளும் பவுண்டரிகளும் வந்தன. கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடுவின் கதை எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார். ரட்ஜ் வண்டி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்ட ஆரம்பித்து, பிற்பாடு யுஎம்எஸ் என்று பெரிய கம்பெனியாக வளர்த்தது அதே ஆள்தான். இதில் எல்லோரும் விட்டுவிடுகிற சின்ன விஷயம் ஒன்று: அவர் வாங்கியது புது வண்டி இல்லை. இன்னொருவர் ஓட்டிய வண்டி. பிரிக்கக்கூடிய வண்டி என்பதால்தான் அதிலிருந்து அவரால் ஏதாவது கற்றுக்கொள்ள முடிந்தது.

எங்கள் சேத்தக்கும் பிரிக்கக்கூடிய வண்டி. கிக்கர் தண்டில் ஒரு புஷ் தேய்ந்திருந்தது. கடையில் கேட்டால் இல்லை என்றார்கள். பெரியவர் பழைய புஷ்ஷைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்து கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் காலிப்பரில் ஒரு அளவு எடுத்தார், பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டினார், நான் டீ குடித்து முடிப்பதற்குள் கையில் புது புஷ். நூற்றைம்பது ரூபாய். இந்த வசதி எத்தனை ஊரில் இருக்கிறது என்று தெரியாமலேயே நாம் இங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறோம். சிலிண்டரும் அப்படித்தான். வார்ப்பிரும்பு என்பதால் தேய்ந்தால் கொஞ்சம் சுரண்டி, பெரிய பிஸ்டன் போட்டு மறுபடி ஓட்டலாம். அதற்கென்றே ஓவர்சைஸ் பிஸ்டன்கள் அளவு அளவாக வரும். இப்போது வரும் பல வண்டிகளில் சிலிண்டர் உள்பூச்சோடு வருகிறது. தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபிறகு இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய், எலக்ட்ரானிக் பியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதில் கோளாறு என்றால் முதலில் ஸ்கேனர் வேண்டும். தகரக் கொட்டகைப் பெரியவரிடம் ஸ்கேனர் கிடையாது. வாங்கிய பொருளைத் திறந்து சரிசெய்யும் உரிமை வாங்கியவனுக்கு உண்டா என்று மத்திய அரசே 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டு யோசிக்கும் அளவுக்கு இது வந்துவிட்டது.

உடனே "அப்ப பழசுதான் கோல்டு, புதுசு எல்லாம் டப்பா" என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் புகை நல்லது இல்லை. அந்த எஞ்சினின் அமைப்பே அப்படி. உள்ளே வரும் புதுப் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே ஓடிவிடும், கூடவே ஆயிலும் எரியும். தினமும் பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டி வரை ஆபீஸ் போகிற ஆள் சேத்தக்கில் போகவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புது வண்டி வாங்கட்டும், மின் வண்டி என்றால் இன்னும் நல்லது. (பஜாஜே 2009-ல் ஸ்கூட்டர் செய்வதை விடுவதாகச் சொல்லிவிட்டு, 2020 ஜனவரியில் சேத்தக் என்ற அதே பெயரில் மின் ஸ்கூட்டர் விட்டார்கள். பெயருக்கு மட்டும் ரீசேல் வேல்யூ போகவே இல்லை பாருங்கள்.)

அதே மாதிரி எனக்குப் பிடிக்காத இன்னொரு கூட்டமும் உண்டு. தாத்தா வண்டி என்று லட்சக்கணக்கில் செலவு செய்து, குரோமியம் பூசி, பாலீஷ் போட்டு, வரவேற்பறையில் நிறுத்திப் போட்டோ எடுப்பவர்கள். அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும். ஆனால் வீடு மியூசியம் இல்லை. ஓட்டாமல் மினுக்கி வைப்பதும் கோழி அடை வைப்பதும் வண்டிக்கு ஒன்றுதான். கோழியாவது குஞ்சு பொரிக்கும்.

விற்பதானாலும் அதை விற்பது மாதிரி விற்கவேண்டும். நம் ஆட்கள் இதில் செய்கிற கூத்து கொஞ்சநஞ்சம் இல்லை. காசை வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புக்கைக் கையில் கொடுத்து, ஒரு வெற்றுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, "பேர் அவங்களே மாத்திக்குவாங்க" என்று வந்துவிடுவது. மாற்றவே மாட்டார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், ஒருவர் 2007-ல் காரை விற்றுவிட்டார். அது இன்னும் சிலர் கை மாறியது. 2009-ல் விபத்து. ஆனால் ஆர்.சி.யில் பெயர் முதல் ஆளுடையதே. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் என்று கோர்ட் சொல்லிவிட்டது. விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பாரம் 29, பாரம் 30 என்று இரண்டு தாள். இரண்டு தாளுக்குச் சோம்பேறித்தனப்பட்டால் இரண்டு வருடம் கழித்து யாரோ செய்த விபத்துக்கு நாம் கோர்ட்டில் நிற்கவேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் ஒரு மாருதி கார் வெடித்தது ஞாபகம் இருக்கும். அந்தக் கார் பல கை மாறி வந்தது என்று போலீஸ் கண்டுபிடித்தார்கள். முன்பு அதை வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் விசாரித்தார்கள். என்றைக்கோ விற்ற கார், பேப்பரில் செய்தியாக வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் கேஸ் இன்னும் சிக்கல். ஆர்.சி.யில் இருப்பது அப்புச்சி பெயர். அப்புச்சி இல்லை. அதாவது விற்பதற்கும் நாங்கள் உரிமையாளர் இல்லை, ஓட்டுவதற்கும் இல்லை. உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் பாரம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றவேண்டும். நாங்கள் மூன்று வருடமாக எதுவும் செய்யவில்லை. ஏனென்றால்... ஆமாம், "இருக்கட்டும், பாக்கலாம்". 2021-லிருந்து ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ இன்றைக்கும் வண்டி வைத்திருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

மாமாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருந்தது: பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை எல்லாம் அரசாங்கம் பிடுங்கி நொறுக்கப்போகிறது என்று. தப்பு. 2021 ஆகஸ்டில் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையில் சொந்த வண்டியைக் கட்டாயம் நொறுக்கவேண்டும் என்று இல்லை. அப்படிக் கட்டாயமானது 2023 ஏப்ரலிலிருந்து அரசு வண்டிகளுக்குத்தான். டெல்லியில் கோர்ட் உத்தரவால் நிலைமை வேறு, அது நமக்கு இல்லை. நமக்கு இருப்பது, பதினைந்து வருடம் முடிந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. பைக், ஸ்கூட்டருக்கு அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் முன்னூறிலிருந்து ஆயிரம் ஆனது. அந்த வருடம்தான் அப்புச்சி புதுப்பித்தார். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வாரம் புலம்பினார். 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு இரண்டாயிரம் ஆக்கிவிட்டார்கள். நல்லவேளை, அதைக் கேட்க அவர் இல்லை. எங்கள் ஆர்.சி. 2027 வரைக்கும் உயிரோடு இருக்கிறது. அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இப்போது அந்த நோட்டுக் கணக்குக்குத் திரும்பி வருகிறேன். நான் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இதை யார் ஓட்டப்போகிறார்கள் என்பது. நான் ஓட்டமாட்டேன், எனக்குக் கல்லூரி பஸ் இருக்கிறது, கையால் கியர் போடவும் தெரியாது. மாமா பையன் புல்லட் கேட்டுக்கொண்டிருக்கிறான். மாமாவிடம் கார். ஓட்ட ஆள் இல்லை, ஆகவே விற்கவேண்டும், அதுவும் ஒழுங்காகப் பெயர் மாற்றி இந்த மாதமே விற்கவேண்டும். இந்த முடிவோடுதான் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "எம் பேருக்கு மாத்த முடியுமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எதுக்கு என்று கேட்டேன்.

"ஓட்டறதுக்குத்தான்."

அப்போதுதான் கதை வெளியே வந்தது. வண்டி வாங்கிய அடுத்த வருடம், கல்யாணத்துக்கு முன்னால், பிஏபி வாய்க்கால் மேட்டில் அப்புச்சி அம்மாவுக்கு அந்த சேத்தக்கை ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான்கு கியரும் போட்டு, கிணத்துக்கடவு வரைக்கும் தனியாகப் போய் மாட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார் அம்மா. ஊரே பார்த்திருக்கிறது. கல்யாணம் ஆனபின் இந்த ஊரில் பஸ்தான். இருபது வருடத்துக்கு மேலாக ஒண்டிப்புதூர் பஸ்ஸில் நின்றுகொண்டே தையல் கடைக்குப் போய்வருகிற என் அம்மாவுக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஓட்டுபவர்கள் பட்டியலில் மாமா பையனை எழுதினேன், என்னை எழுதினேன், அவரை எழுதவே இல்லை. பி.காம். இரண்டாம் வருடம்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அப்புச்சி சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்கூட்டரும் அதில் சேர்த்திதான். ஆனால் நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்த கையோடு தோட்டத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதியபோது, காட்டிய இடத்தில் எல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாரும் மிரட்டவில்லை, மாமா கெட்டவரும் இல்லை, எங்கள் படிப்புச் செலவுக்கு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஆனால் அம்மா அந்த வீட்டிலிருந்து தனக்கு என்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "இருக்கட்டுங்ணா, பாக்கலாம்" என்று அன்றைக்கு அவர் சொன்னது தள்ளிப்போடுவதற்காகச் சொன்னது இல்லை. கேட்கத் தெரியாமல் சொன்னது. இந்த ஒரு முறை மட்டும் அந்த வார்த்தைக்கு நான் எதிர்ப்பு இல்லை.

மாமாவிடம் நான்தான் பேசினேன். இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அது அப்பவே பள்ளத்துல கொண்டுபோயி உட்டவ" என்றார். அதற்கு அப்புறம், "செரி, நானும் அம்மாவும் எங்கெங்க கையெழுத்துப் போடோணும்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்று. தாசில்தார் ஆபீசிலிருந்து வரவேண்டும். அது வந்தால் பாரம் 31, தாமதத்துக்கு அபராதம், அப்புறம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். பதினான்கரையில் ஏழாயிரத்தை அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்திருக்கிறார். பெரியவர் போன் செய்தார், கிராங்க் பேரிங் வந்துவிட்டதாம், உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் சைடு மூடியும் கிடைத்திருக்கிறதாம், கலர்தான் வேறு.

"பெயிண்ட் அடிச்சரலாமா அம்மிணி?"

அம்மாவிடம் கேட்டேன். வேண்டாமாம், அது இருக்கிற கலரிலேயே இருக்கட்டுமாம். முதலில் ஸ்டார்ட் ஆகட்டும் என்றார்.